அட்டவணையின் கடைசிப் பத்தி

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் உள்ள ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவருக்கு வேலை போனது. இயந்திரத்தின் கோளாறை அவர் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு. அவர் சொல்லியிருந்தார். சொன்னது பதிவாகியிருந்த பத்தியை ஒருவர் திரையில் மவுஸால் இழுத்து மூடியிருந்தார்.

பத்திரிகை மேசையில் இருந்தபோது இது என்னிடம் வந்திருந்தால் இந்த அளவில்தான் போட்டிருப்பேன். உள்ளூர்ப் பக்கத்தின் கீழ் மூலை. கடைசி நேரத்தில் விளம்பரம் வந்தால் அதுவும் கிடையாது. ஆனால் அந்தப் பத்தியை இழுத்தால் நகரும்படி செய்து கொடுத்தவள் நான். இழுத்து மூடியவள் என் தோழி. அதனால் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கங்களில் உதவி ஆசிரியராக இருந்தேன். திருவள்ளூர் பக்கங்களை நிறுத்தியபோது எங்களில் பலரை அனுப்பிவிட்டார்கள். மீஞ்சூரில் வீட்டில் உட்கார்ந்து இணையப் பக்கம் செய்யக் கற்றுக்கொண்டேன். பக்கம் கட்டிப் பழகியவளுக்கு அது பெரிய அந்நியமாக இல்லை. எது எங்கே நிற்க வேண்டும், எது எவ்வளவு இடம் பிடிக்கலாம் என்ற அதே வேலைதான்.

தோழி எனக்கு அடுத்த தெரு. என்னைவிடச் சின்னவள். அந்தத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் பொறுப்பாளர். என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் என் பெண்ணைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து சோறு போட்டவள் அவள்தான். ஒரு நாள் வாசலில் நின்றபடியே சொன்னாள்: "எங்க ஆபீஸ்ல வெப் பேஜ் போட ஆள் தேடிக்கினு கீறாங்கக்கா. உங்க பேர சொல்லிட்டேன். நாளைக்கு வந்துடுங்க." போனேன். வேலை கிடைத்தது. அதன் பிறகு தினமும் ஒரே ரயில். மகளிர் பெட்டியில் அவள் முதலில் ஏறி, தன் பையை என் இடத்தில் வைத்திருப்பாள்.

தொழிற்சாலையில் அலுமினியத்தை உருக்கி அச்சுக்குள் அழுத்தி அடித்து, மோட்டார் பம்புகளுக்கான மூடிகள் செய்தார்கள். அச்சை எல்லோரும் டை என்பார்கள். தினமும் காலையில் மேலாளர் எல்லாப் பிரிவுத் தலைவர்களையும் ஒரு பெரிய டிவிக்கு முன்னால் நிற்க வைத்துக் கூட்டம் நடத்துவார். நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் பேச்சு வளரும் என்பது அவருடைய கருத்து. டிவியில் முந்தைய நாளின் அட்டவணை ஓடும். அதில் இருப்பதைப் பற்றிப் பேசுவார்கள். அதில் இல்லாததைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த அட்டவணையைச் செய்வதுதான் என் முதல் வேலை.

எந்த இயந்திரம், என்ன பாகம், அடித்தது எத்தனை, குறையென்று கழித்தது எத்தனை, கழித்த காரணம் என்று பத்திகள் வைத்தேன். கடைசியாக 'ஆபரேட்டர் சொன்னது' என்று ஒன்று. அது என் யோசனை. செய்தியில் சம்பந்தப்பட்டவரின் வார்த்தை ஒன்றாவது இருக்க வேண்டும் என்று பழகியவள் நான். அந்த வார்த்தை கடைசிப் பாராவில் வந்தால் போதும் என்பதும் அந்தப் பழக்கம்தான். அதனால் அட்டவணையிலும் அதைக் கடைசியில் வைத்தேன்.

ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கத்திலும் டேப் என்கிற சின்னத் தொடுதிரைக் கணினி ஒன்றை மாட்டி, அதில் பேசினால் எழுத்தாக மாறும்படி செய்தேன். வரிசையாக எல்லோரிடமும் போய் விளக்கினேன். "இதுல சொன்னீங்கன்னா காலையில டிவியில வரும். சாரே பார்ப்பார்."

பம்ப் மூடி அடிக்கும் இயந்திரத்தில் இருந்தவர் முப்பது வயதுக்காரர். காட்டுப்பள்ளிக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து வருகிறவர். வீட்டில் அப்பாவும் அண்ணனும் பழவேற்காட்டு ஏரியில் வலை போடுகிறார்கள்.

"இன்னா சொன்னாலும் வருமா மேடம்?"

"வரும்."

அவர் டேப்புக்கு முன் குனிந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "கேன்டீன் சாம்பார்ல பருப்பு புடிக்கணும்னா வல எடுத்தாரணும்."

மறுநாள் காலை அது டிவியில் வந்தது. மேலாளர் வாய்விட்டுப் படித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வாரம் சாம்பார் கெட்டியாக இருந்தது. அதற்குப் பிறகு ஆபரேட்டர்கள் டேப்பை நம்பத் தொடங்கினார்கள். மேற்பார்வையாளரைத் தேடிப்போய்க் கத்துவதை விட்டுவிட்டு டேப்பிடம் பேசினார்கள்.

நிறையவே பேசினார்கள். கடைசிப் பத்தியில் ஒருவர் கதையாகச் சொன்னால் அந்த வரிசை முழுதும் உயர்ந்துவிடும். பக்கத்து எண்கள் இடையில் எங்கோ தொங்கும். கேன்டீனில் தோழி இதைப் பற்றிப் பேசினாள்.

"அந்த கடைசி கட்டம் பேஜாரா கீதுக்கா. நம்பர்லாம் நசுங்கிப் போவுது. சாரு தெனமும் என்னத்தான் கேக்குறாரு."

"எழுத்தைச் சின்னதாக்கட்டுமா?"

"இன்னும் சின்னதாக்குனா அவரு டிவிமேல ஏறி நின்னுதான் படிக்கணும். எக்ஸெல்ல கோட்ட புடிச்சி இழுப்போமே, அந்த மாதிரி பண்ணிக் குடுங்க. எது வேணுமோ அத பெருசாக்கிக்கினு மத்தத சின்னதாக்கிக்கலாம்."

நியாயமாகத்தான் பட்டது. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் உட்கார்ந்து செய்தோம். அவள் பஜ்ஜி வாங்கி வந்திருந்தாள்.

வேலை இப்படி. தலைப்பு வரிசையில் ஒவ்வொரு பத்தியின் வலது ஓரத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய பட்டையை வைக்க வேண்டும். சுட்டி அதன்மேல் வந்தால் இருபக்க அம்பாக மாற வேண்டும். பட்டையை அழுத்தும்போது சுட்டி இருக்கும் இடத்தையும் பத்தியின் அகலத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். நகர்த்த நகர்த்த, எவ்வளவு தூரம் நகர்ந்ததோ அதை அகலத்தோடு கூட்டவோ கழிக்கவோ வேண்டும். கையை விட்டதும் நிறுத்த வேண்டும். முதலில் வேகமாக இழுத்தால் சுட்டி பட்டையை விட்டு நழுவி, கோடு பாதியிலேயே நின்றது. அசைவைப் பட்டையில் கவனிக்காமல் பக்கம் முழுவதிலும் கவனிக்கும்படி மாற்றியதும் சரியானது. இழுக்கும்போது எழுத்தெல்லாம் நீலமாகத் தேர்வானது. அதையும் நிறுத்தினேன்.

ஒரு முடிவு மட்டும் எடுக்க வேண்டியிருந்தது. ஒரு பத்தியை அகலமாக்கினால் அட்டவணையே நீண்டு திரைக்கு வெளியே போகலாம். அல்லது பக்கத்துப் பத்தி அந்த அளவுக்குச் சுருங்கலாம். நான் இரண்டாவதைச் செய்தேன். யோசிக்கக்கூட இல்லை. பத்திரிகையில் தாள் அகலமாகாது. ஒன்று வளர்ந்தால் இன்னொன்று குறையத்தான் வேண்டும். சுருங்கிய பத்தியில் எழுத்து மடிந்து வரிசை உயராமல் இருக்க, இடம் போதாத சொற்கள் வெட்டுப்பட்டு மூன்று புள்ளிகளாக முடியும்படியும் செய்தேன்.

தோழி மவுஸை வாங்கி இழுத்துப் பார்த்தாள். கடைசிப் பத்தி ஓர் அளவுக்குச் சுருங்கி நின்றது.

"ஏன்க்கா நின்னுடுச்சி?"

"அதுக்கு மேல போகாது. தலைப்பாவது தெரியணும்."

"எதுக்கு லிமிட்டு? முழுசா மூடறா மாதிரி வெய்யுங்கக்கா. வெளி கம்பெனிக்காரங்க வரும்போது பருப்புக்கு வல போட்ட கதையெல்லாம் காட்டிக்கினு இருக்க முடியுமா?"

சிரித்தேன். எல்லையை எடுத்துவிட்டேன்.

"தெனம் தெனம் வந்து இழுக்கணுமா? நேத்து உட்ட எடத்துலயே நிக்கட்டும்."

அதையும் செய்தேன். கடைசியாக எந்த அகலத்தில் கையை விட்டார்களோ, அதை அந்தக் கணினி நினைவில் வைத்துக்கொள்ளும். மேலாளருக்கு மிகவும் பிடித்துவிட்டது. கூட்டத்தில் மவுஸ் எப்போதும் தோழியின் கையில்தான்.

நான் தினமும் அந்தக் கூட்டத்துக்குப் போவதில்லை. சில வாரங்கள் கழித்து ஒரு காலையில், டிவியின் நிறம் சரியில்லை என்று கூப்பிட்டார்கள். ஓரத்தில் நின்று பார்த்தேன். கடைசிப் பத்தி இல்லை. அது இருந்த இடத்தில் 'கழித்த காரணம்' தாராளமாகப் பரவியிருந்தது. ரயிலில் கேட்டேன்.

"ஆமாக்கா, யாரோ விசிட்டர் வந்தாங்க, மூடுனேன். அப்டியே நின்னுப்போச்சி. நாளைக்குத் தொறந்துடறேன்."

மறுநாள் அவள் திறந்தாளா என்று நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

பிறகு பம்ப் மூடிகள் ஒரு லாரி நிறையத் திரும்பி வந்தன. மூடியில் ஊசித் துளைகள், தண்ணீர் ஒழுகுகிறது என்றது வாங்கிய கம்பெனி. டையைக் குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே கசிந்தால் அப்படி வரும். டையைக் கழற்றிப் பார்த்தார்கள். கசிவு இருந்தது.

அடுத்த காலைக் கூட்டத்துக்கு அந்த ஆபரேட்டரையும் வரச் சொன்னார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். அவர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு டிவிக்குப் பக்கவாட்டில் நின்றார்.

"ஏம்பா, டையில தண்ணி கசிஞ்சா மொதல்ல தெரியறது உனக்குத்தான. ஏன் சொல்லல?" என்றார் மேலாளர்.

"சொன்னேன் சார். தெனமும் டேப்ல சொல்லிக்கினுதான் இருந்தேன்."

எல்லோரும் டிவியைப் பார்த்தார்கள். அட்டவணை 'கழித்த காரண'த்தோடு முடிந்திருந்தது. ஆபரேட்டர் என்னைப் பார்த்தார். அதில் குற்றச்சாட்டு இல்லை. சாட்சிக்குக் கூப்பிடுகிற பார்வை.

"சார், அந்தப் பத்தி மூடியிருக்கு. இழுத்தா வரும்" என்றேன்.

தோழி திரும்பவில்லை. மவுஸ் அவள் கையில் இருந்தது. "அது கொஞ்ச நாளாவே சரியா வேல செய்யல சார். அக்கா போட்ட புரோகிராம்ல ஏதோ ப்ராப்ளம். தானா சுருங்கிடுது. அதுல வர்றத வெச்சி ஒண்ணும் சொல்ல முடியாது."

அக்கா என்று அப்போதும் சொன்னாள். குரலில் எந்த மாற்றமும் இல்லை. கேன்டீனில் உப்பைத் தள்ளச் சொல்கிற அதே குரல்.

தானாக எதுவும் சுருங்காது. கடைசியாக ஒரு கை விட்ட இடத்தில்தான் அந்தக் கோடு நிற்கும். அந்த அறையில் இது தெரிந்தவர்கள் இரண்டு பேர்.

நான் போய் அவளிடமிருந்து மவுஸை வாங்கினேன். கோடு அட்டவணையின் விளிம்போடு ஒட்டியிருந்தது. அந்த இயந்திரத்தின் முந்தைய நாட்களையும் வரவழைத்து, கோட்டை இடப்பக்கம் இழுத்தேன். முதலில் தலைப்பு வந்தது. பிறகு வரிகள். பேச்சு எழுத்தாக மாறும்போது நிறுத்தற்குறி வராது: டையில தண்ணி கசியுது பீஸ்ல ஊசி ஓட்ட வருது பாருங்க. அடுத்த தேதியிலும் அதேதான். அதற்கடுத்ததிலும். நாள் போகப் போக, சொல்லிக்கினே கீறேன் யாரும் வர்ல.

மேலாளர் படித்தார். உதடுகள் அசைந்தன. கடைசி வரி வரை படித்தார் என்பதை நான் கவனித்தேன். பிறகு தோழியைப் பார்த்துச் சொன்னார்.

"சரிம்மா. கழிச்ச காரணம் மறையுது பாருங்க. கொஞ்சம் சின்னதாக்குங்க."

அவள் என் கையிலிருந்து மவுஸை எடுத்துக்கொண்டு கோட்டை வலப்பக்கம் நகர்த்தினாள். அவசரப்படாமல்தான் நகர்த்தினாள். டையில தண்ணி கசி, மூன்று புள்ளி. டையில த, மூன்று புள்ளி. பிறகு வெறும் புள்ளிகள். பிறகு அதுவும் இல்லை. தன் சொற்கள் அப்படிப் போவதை ஆபரேட்டர் நின்று பார்த்தார். அடுத்த இயந்திரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

மதியத்துக்குள் அவருடைய நுழைவு அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்படி ஒப்பந்தக்காரருக்குச் சொல்லிவிட்டார்கள். கோளாறை மறைத்தவர் என்று அவர் பேரில் புகாரும் போனது. வேலை போனதைவிட அதுதான் பெரிய அடி. இந்தப் பகுதியில் பல தொழிற்சாலைகளுக்கு ஆள் அனுப்புகிறவர் அந்த ஒப்பந்தக்காரர். அவரிடம் அப்படி ஒரு பேர் விழுந்தால் வேறு எந்த வாசலும் திறக்காது. "நான் சொன்னேன்னு ஒர்த்தர் அவருக்கு சொன்னா போதும் மேடம்" என்று ஆபரேட்டர் என்னிடம் கேட்டுக்கொண்டார். தரப் பிரிவு சொன்னால்தான் எடுபடும் என்றும் சொன்னார்.

மாலை ரயிலில் பை வழக்கம்போல என் இடத்தில் இருந்தது. தோழி அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உட்கார்ந்தேன். கவரப்பேட்டை தாண்டியதும் கேட்டேன்.

"ஏன் அப்படிச் சொன்னே?"

"இன்னா பண்ணட்டும்க்கா. கசியுதுன்னு நான் சார்கிட்ட சொன்னேன். இந்த மாசம் ஓட்டிடு, அப்பறம் டைய கழட்டலாம்னாரு. பீஸெல்லாம் பாஸ்னு போட்ட கையெழுத்து என்னுது. தெனமும் டிவில அது வந்து நின்னா எனக்கு எப்டி இருக்கும்?"

"என் புரோகிராம்ல தப்புன்னியே."

"கம்ப்யூட்டர்ல தப்புன்னா யாரும் யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். ஆளு மேல போனாதான கஷ்டம்."

"ஆள் மேலதான் போச்சு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கேட்க நினைத்த இன்னொன்றையும் கேட்டேன். "அன்னைக்கு என் வீட்ல அந்த எல்லையை எடுக்கச் சொன்னே. அப்பவே இதுக்காகத்தானா?"

"இன்னாக்கா இப்டி கேக்குறீங்க. அப்ப டை நல்லாத்தான் இருந்திச்சி."

அது உண்மைதான். தேதிகளைப் பிறகு சரிபார்த்தேன்.

"ஒரு போன் பண்ணு. ஒப்பந்தக்காரர்கிட்ட, அவர் சொன்னார், நாங்கதான் பாக்கலன்னு சொல்லு. வேற எதுவும் வேண்டாம். சார் பேர்கூட வேண்டாம்."

"பாக்கலாம்க்கா."

"பாக்கலாம்னா?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "சரிக்கா. காலைல மொத வேலையா பண்ணிடறேன். போதுமா?"

போதும் என்றேன்.

மறுநாள் ஆபரேட்டரோடு ஒப்பந்தக்காரரின் இடத்துக்குப் போனேன். நாஷ்டா கடைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. சூளூர்பேட்டைப் பக்கத்துக்காரர். எல்லோரையும் நைனா என்று கூப்பிடுகிறவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார்.

"வாங்க மேடம். க்வாலிட்டி மேடம் காலையிலயே போன் பண்ணாங்க."

"இவர் சொன்னார்னு சொன்னாங்க இல்லையா?"

அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். "இல்லியே மேடம். கம்ப்யூட்டர் மேடம் வருவாங்க, ஸ்கிரீன்ல ஏதோ காட்டுவாங்க, அது ரிப்பேருல கீற சாப்ட்வேரு, அத நம்பி ஒண்ணும் பண்ணிடாதீங்கன்னாங்க."

நான் போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து, பத்தியை விரித்துக் காட்டினேன். அவர் மரியாதைக்காக எல்லாவற்றையும் படித்தார்.

"இந்தப் பேஜ செஞ்சது யாரு மேடம்?"

"நான்தான்."

"இதுல புதுசா எழுதறது, அழிக்கறதுலாம் உங்களால முடியுமா?"

"முடியும். ஆனா நான் எதையும்…"

"நீங்க செஞ்சீங்கன்னு சொல்லல மேடம். நாளைக்கு நான் வேற கம்பெனில இத காட்டி ஆள சேத்துக்கோங்கன்னா, அவன் இதத்தான கேப்பான்."

அவர் கேட்டது சரியான கேள்வி. ஒரு செய்தியாளர் இப்படி ஓர் ஆதாரத்தோடு வந்திருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

ஆபரேட்டர் என் பக்கம் திரும்பினார். "மேடம், நான் டேப்ல பேசுனேனே. அந்த வாய்ஸு இருக்குதா? என் குரல்ல கேட்டா நம்புவாரு."

டேப்பில் குரல் எழுத்தாக மாறியதும் அழிந்துவிடும். வைத்திருக்கத் தேவையில்லை, இடம் அடைக்கும் என்று அப்படி அமைத்திருந்தேன்.

"இல்லை" என்றேன்.

"ஒண்ணுகூட இல்லியா?"

"இல்லை."

அவர் தலையாட்டினார். ஹெல்மெட்டையும் அட்டையையும் மேசையில் வைத்தார்.

"ரெண்டு மூணு மாசம் போவட்டும் நைனா. காட்டுப்பள்ளி பக்கம் எதனா வந்தா சொல்றேன்" என்றார் ஒப்பந்தக்காரர்.

"அங்க ஒண்ணும் இல்லன்னுதான இங்க வந்தேன்" என்றார் ஆபரேட்டர். கோபமாகச் சொல்லவில்லை.

வெளியே ரயில் நிலையத்துக்குப் போகும் ஷேர் ஆட்டோ நின்றிருந்தது. அவர் ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் இன்னும் ஒருவருக்கு இடம் இருந்தது. நானும் அந்தப் பக்கம்தான் போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவர் கூப்பிடவில்லை. ஓட்டுநர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.